மூன்றாவது காகிதம்

நான் ஓய்வு பெற்ற பிறகு என் வேலைக்கு வந்திருக்கும் தர்ஷினி, போன மாதம் பதுளையில் என் வீட்டுக்கு வந்து, கைப்பையிலிருந்து ஒரு சிறிய பிளாஸ்டிக் குழாயை எடுத்துக் காட்டினாள். அதில் எச்சிலைத் துப்பி மூடி அனுப்பிவிட்டால் யாருக்கு யார் இரத்த உறவு என்று வெளிநாட்டில் ஓர் இயந்திரம் சொல்லிவிடுமாம்.

“இனிமே பழைய புத்தகமெல்லாம் தேடி அலையத் தேவையில்ல அங்கிள். ஆனா நீங்க எப்படிச் சேத்தீங்கன்னு ஒரு கட்டுரை எழுதித் தரச் சொல்லி மேடம் கேட்டாங்க. இங்கிலீஷ்ல எழுதினா நல்லதாம்.”

பதினான்கு வருடம் பஸ்ஸிலும் கால்நடையாகவும் நான் சேர்த்ததை இனி ஒரு வாய் எச்சில் செய்துவிடும் என்று கேட்டபோது எனக்கு எரிச்சல் வந்தது உண்மை. எழுதித் தருகிறேன், ஆனால் தமிழில்தான் எழுதுவேன் என்றேன். கிழவனின் பிடிவாதம் என்று அவள் நினைத்திருப்பாள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

முதலில் அந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். உலகத்தில் ஒரே குடும்பப் பெயர் உள்ளவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று தேடி, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துக் கோப்பில் சேர்ப்பது. அந்தப் பெயரை இங்கே சோலைமலை என்று மாற்றி எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களும் எண்களும்கூட நான் மாற்றியவைதான். தோட்டங்களின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆனால் அந்தக் காலத்தில் கப்பலேறித் தென்னாப்பிரிக்காவுக்கும் மொரிசியசுக்கும் பிஜிக்கும் போனவர்களின் தகப்பன் பெயரை வெள்ளைக்காரன் குடும்பப் பெயராக எழுதிவிட்டான். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அங்கே பேரனும் கொள்ளுப்பேரனும் சோலைமலைதான். இங்கே கதை வேறு. சோலைமலையின் மகன் கருப்பையா, கருப்பையாவின் மகனுக்குத் தாத்தா பெயரைப் போட்டு மறுபடி சோலைமலை. ஓட்டுத்தையல் போட்ட துணியில் நூல் ஒரு முறை மேலே தெரியும், ஒரு முறை அடியில் போகும். ஊவா மாகாணம் முழுக்க அப்படி அடியில் போன நூலைத் தேடுவதுதான் என் வேலை.

அதற்கு முன்னால் இருபது வருடம் தேயிலைத் தோட்டத்து ஆபீஸான கந்தோரில் செக்ரோல் கிளாக்கராக இருந்தேன். காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு, யார் வேலைக்கு வந்தார்கள் என்று செக்ரோல் புத்தகத்தில் எழுத வேண்டும். கூப்பிட்ட பெயருக்கு ஓர் ஆள் “ஐயா” என்று பதில் சொன்னால், அந்தப் பெயர் அவனுடையது. வேறு எதையும் நான் கேட்டதில்லை. பெயரைப் பற்றி நான் படித்த படிப்பு அவ்வளவுதான். தோட்டம் கைமாறிக் கந்தோரில் ஆள் குறைத்தபோது, பழைய புத்தகங்களை வாசிக்கத் தெரிந்தவர் தேவை என்று ஒரு கடிதம் வந்தது. போய்ச் சேர்ந்தேன்.

கடிதம் எழுதியவர்தான் மேடம். டர்பன் நகரத்தில் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பெயரின் கடைசியில்தான் அந்தக் குடும்பப் பெயர் இருக்கிறது. தமிழ் ஒரு சொல் தெரியாது. நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். ஒரே ஒரு முறை பதுளைக்கு வந்தார். மாவட்டக் கச்சேரி அலுவலகத்தின் ஆவண அறையில் மூன்று நாள், வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். குரலை உயர்த்தமாட்டார். “இருக்கலாம்”, “போலிருக்கிறது” என்ற சொற்கள் அவருக்குப் பிடிக்காது. நான் எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார்.

“இதை நீங்கள் பார்த்தீர்களா, கேட்டீர்களா?”

பார்த்தது ஒரு நிரலில், கேட்டது இன்னொரு நிரலில். எல்லாம் பென்சிலில். ஓர் ஆளுக்கு மூன்று காகிதம் கிடைத்த பிறகுதான் பேனா. மாவட்டப் பதிவில் உள்ள பிறப்பு ஒன்று, தோட்டத்து ஆஸ்பத்திரிப் புத்தகம் ஒன்று, செக்ரோல் ஒன்று. மூன்றும் ஒத்துப்போனால் ஆள் நிஜம். உயிரோடிருப்பவர் என்றால் அவர் பதிவை அவர் முன்னாலேயே சத்தமாக வாசித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு சாவைப் பேனாவால் எழுதும்போது மட்டும் எழுந்து நிற்க வேண்டும். அது மேடத்தின் பழக்கம். நீதிமன்றத்தில் தீர்ப்பு வாசிக்கும்போது நின்று நின்று வந்த பழக்கமோ என்னவோ. வெள்ளிக்கிழமை பின்னேரம் போனில் அந்த வாரத்துப் பதிவுகளை நான் வாசிப்பேன். சாவு என்று சொன்னதும் அந்தப் பக்கம் நாற்காலி தரையில் உராயும் சத்தம் கேட்கும். இங்கே நானும் எழுந்து நிற்பேன்.

இந்த வேலையில் மனம் திடுக்கிடும் நேரங்கள் உண்டு. மொனராகலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் முனையில் நின்று “சோலைமலை இருக்காரா?” என்று கூப்பிட்டேன். மூன்று கதவு திறந்தது. தாத்தா ஒருவர், இரண்டு மகன்களுக்குப் பிறந்த பேரன்கள் இருவர். மூவரும் இடது கையால் கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். யாரைக் கேட்டு வந்தேன் என்று எனக்கே கொஞ்ச நேரம் மறந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை பிறந்து, பெயர் பதிந்து, சின்ன வயதிலேயே இறந்துபோகும். சாவைப் பதிய யாரும் நாலு மைல் நடக்கமாட்டார்கள். அடுத்த பிள்ளை பிறந்ததும் இறந்ததன் பிறப்புப் பத்திரத்தை எடுத்து இதற்கு வைத்துக்கொள்வார்கள். பெயரும் அதே பெயர். பத்திரத்தில் ஒரு பிறப்பு, மண்ணில் ஒரு பிள்ளை, நடமாடுவது இன்னொரு பிள்ளை. தோட்டங்களில் இது சாதாரணம். இது தெரிந்திருந்தும் நான் தவறு செய்தேன்.

பசறைப் பக்கத் தோட்டம் ஒன்றில் ஆஸ்பத்திரியை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. புத்தகங்களைத் தேயிலைப் பெட்டிகளில் அடைத்து, கொழுந்து நிறுக்கும் பழைய மடுவத்தில் போட்டிருந்தார்கள். தோட்டத்தை நடத்தும் துரையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஆடி மாதத்தில் போனேன். ஊவாவில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மடுவத்துக் கூரையில் ஆணி கழன்ற தகரம் ஒன்று நாள் முழுவதும் அடித்துக்கொண்டேயிருந்தது. ஒரு பெட்டியின் மேலேயே சாவுப் புத்தகம் கிடைத்தது. ‘சோலைமலை, ஆண், தகப்பன் கருப்பையா, தாய் பேச்சி, காய்ச்சல்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. வயது எழுதும் ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. அதே தாய் தகப்பனுக்குச் சோலைமலை என்ற மகன் பிறந்ததை மாவட்டப் பதிவில் முன்பே பார்த்திருந்தேன். சாவுக்குச் சரியாக மூன்று வருடத்துக்கு முந்திய பிறப்பு. அந்தத் தோட்டத்துச் செக்ரோலில் அந்தப் பெயர் எங்குமே இல்லை. இல்லாததையே மூன்றாவது காகிதமாக எடுத்துக்கொண்டேன். மற்றப் பெட்டிகளைத் திறக்கவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம்.

வெள்ளிக்கிழமை எழுந்து நின்று பேனாவில் எழுதினேன். இருநூற்றுப் பன்னிரண்டாம் எண், சிறு வயதில் இறப்பு, கிளை முடிந்தது. டர்பனில் நாற்காலி உராய்ந்தது.

அடுத்த வருடம், வேறோர் எண்ணுக்காக, ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தோட்டத்துக்குப் போனேன். பகல் பதினொரு மணி இருக்கும். எல்லோரும் மலையில் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். பன்னிரண்டு காம்பிரா அறைகள் உள்ள லயத்தில் பதினொன்று பூட்டிக் கிடந்தது. ஒன்றின் இஸ்தோப்புத் திண்ணையில் மட்டும் வயதான ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து இடது முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். முழங்காலிலிருந்து கீழே சுருங்கிப் பளபளத்த பெரிய தழும்பு.

“பேர் எழுதுற ஐயாவா? வாங்க, உக்காருங்க” என்றார். தோட்டத்துக்குத் தோட்டம் என்னைப் பற்றிய செய்தி எனக்கு முன்னால் போய்விடும்.

“உங்க பேரு?”

“சோலைமலைங்க.”

“அப்பா பேரு?”

“கருப்பையா. அம்மா பேச்சி. பொறந்தது பசறப் பக்கம். ஒரு சாவு விழுந்த கையோட இந்தத் தோட்டத்துக்கு வந்துட்டாங்களாம்.”

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். நான் நின்றுகொண்டு பேனாவால் புதைத்த ஆள் எனக்கு முன்னால் உட்கார்ந்து எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “என்னங்க, செத்துட்டான்னு எழுதியிருக்கா? அது சரிதாங்க. அது செத்தவன் பேருதான்.”

பிறகு விவரமாகச் சொன்னார். அவருக்கு மூத்தவன் சோலைமலை. சின்ன வயதிலேயே இறந்துபோனான். அதற்குப் பிறகு மிஞ்சியவர் இவர். சாகாமல் இருக்கவேண்டும் என்பதற்காகக் குப்பை என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைகள் தங்காத வீட்டில், காலன் கண்ணுக்குப் படாமல் இருக்க இப்படி அருவருப்பான பெயர் வைப்பது நம் வழக்கம். வேலைக்குப் பேர் பதியும்போது மூத்தவனின் பிறப்புப் பத்திரத்தைத் தாய் எடுத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து காகிதத்தில் சோலைமலை, வீட்டில் குப்பை.

“எனக்கு எம்பது வயசுன்னு அட்டையில இருக்கு. அது அவன் வயசு. என் வயசு எனக்குத் தெரியாது. ஒருநாள் காய்ச்சல்னு படுத்ததில்லீங்க. புடையன் பாம்பு கடிச்சு அரமணி நேரம் நடந்தே வந்தேன், ஒண்ணும் ஆகல. மண்சரிவுல அந்தப் பக்கம் காம்பிரா போச்சு, இந்தப் பக்கம் காம்பிரா போச்சு, நடுவுல என்னோடது அப்படியே நின்னுச்சு. கூட்டாளிங்க எல்லாம் போயிட்டாங்க, பொஞ்சாதியும் போயிட்டா. என்னக் கூப்பிட மட்டும் ஆள் வரல. எப்படி வரும்? நான்தான் எங்கயும் எழுதியே இல்லையே.”

இதை அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. பெருமையாகவும் சொல்லவில்லை. அடிபட்ட ஆள் காயத்தைக் காட்டுவதுபோல் காட்டினார்.

“ஒரு உதவி செய்யுங்க ஐயா. எனக்குன்னு ஒரு பொறப்பு எந்தப் புத்தகத்துலயாச்சும் இருக்கான்னு பாருங்க. நாளைக்கு நான் போனா அவன் பேருலதான் எழுதிப் பொதைப்பாங்க. அவன ரெண்டு தரம் பொதைச்சிட்டா, நான் எங்க போறது?”

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவருடைய மகள் செல்வராணி மலையிலிருந்து வந்தாள். இடுப்பில் படங்குச் சாக்கு, தலையில் கூடைக் கயிற்றின் தடம். ஐம்பதை நெருங்கும் பெண். புருஷன் இல்லை. ஒரே மகன். அவனுக்குத் தாத்தாவின் பெயரைத்தான் போட்டிருந்தார்கள், சோலைமலை என்று. எல்ல என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் வேலை. எனக்குப் பிளேன்டீ கொடுத்துவிட்டு, “அப்பாவுக்கு இது ஒண்ணுதாங்க கவலை. இருந்தா பாத்துச் சொல்லுங்க” என்றாள். அப்போது அவளுக்கும் ஒன்றும் தெரியாது.

அடுத்த நாளே பசறைக்குப் போனேன். என் தவறு என்ற குற்றவுணர்ச்சி ஒரு பக்கம். அந்த மனிதருக்கு ஒரு பிறப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்ற வெறி ஒரு பக்கம். போன வருடம் திறக்காமல் விட்ட பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். மூன்றாவது பெட்டியில் மருத்துவிச்சியின் பிரசவப் புத்தகம் இருந்தது. பேச்சியின் பெயர் ஐந்து இடத்தில் வந்தது. முதல் மூன்று பிள்ளைகளுக்கு எதிரே சிவப்பு மையில் குறி, அதாவது இறந்துவிட்டன. நாலாவது சோலைமலை. ஐந்தாவது, சோலைமலை பிறந்து இரண்டே கால் வருடம் கழித்து, ஓர் ஆண் குழந்தை. பெயர் எழுதும் இடம் காலி.

கிடைத்துவிட்டது என்று வாய்விட்டுச் சொன்னேன். பெயரில்லாத அந்த வரிதான் பெரியவருடைய பிறப்பு என்று நினைத்தேன். ஆனாலும் ஒரு முறை சூடுபட்டவன் இல்லையா, இந்தத் தடவை எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம் என்று நோயாளிப் புத்தகத்தையும் புரட்டினேன். அதில் ஒரு வரி இருந்தது. ‘கருப்பையாவின் மகன் சோலைமலை, வயது ஒன்றரை, கொதிக்கும் கஞ்சி கொட்டி இடது முழங்காலிலிருந்து கணுக்கால் வரை வெந்த புண்.’

இரண்டு முறை வாசித்தேன். அந்தத் தேதியில் ஐந்தாவது பிள்ளை பிறக்கவேயில்லை. வெந்தது மூத்தவனின் கால். அந்தத் தழும்பை முந்தின நாள்தான் ஸ்பிரிங்வெளியில் என் கண்ணால் பார்த்திருந்தேன். இன்னும் சில பக்கம் தள்ளி, சாவுக்கு இரண்டு நாள் முன்பு, ‘கருப்பையாவின் கைக்குழந்தை, ஒன்பது மாதம், கடும் காய்ச்சல்’ என்று இருந்தது. செத்தது மூத்தவன் இல்லை. செத்தது பெயரில்லாத கைக்குழந்தை. லயத்தில் இறந்த பிள்ளையை ஆஸ்பத்திரி மருந்துக்காரர் போய்ப் பார்ப்பதில்லை. வந்து சொல்வதை எழுதுவார். வந்து சொன்ன யாரோ, இறந்த பிள்ளையின் பெயர் சோலைமலை என்று சொல்லியிருக்கிறார்கள்.

காலையிலிருந்து அடித்துக்கொண்டிருந்த கூரைத் தகரம் அப்போது நின்றுவிட்டது. காற்று நிற்கவில்லை. வெளியே யூக்கலிப்டஸ் மரங்கள் ஆடுவது வாசல் வழியாகத் தெரிந்தது. தகரம் மட்டும் அடிக்கவில்லை. புத்தகங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே வந்துவிட்டேன். பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வெள்ளிக்கிழமை மேடத்திடம் சொன்னேன்.

“அவரைப் பார்த்தீர்களா?”

“பார்த்தேன்.”

“அப்படியானால் திருத்துங்கள். உயிரோடிருப்பவரை இறந்தவர் என்று வைத்திருக்க நமக்கு உரிமையில்லை. முறைப்படி அவர் முன்னால் வாசியுங்கள்.”

ஞாயிற்றுக்கிழமை போனேன். அப்பாவும் மகளும் இஸ்தோப்பில் இருந்தார்கள். நான் கண்டதை ஒன்றுவிடாமல் சொன்னேன். பெரியவர் முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார். கடைசியில், “அப்ப நான்தான் நானா?” என்றார்.

“நீங்கதாங்க சோலைமலை. அந்தப் பத்திரம் எப்பவும் உங்களோடதுதான்.”

“அம்மா ஏன் அப்படிச் சொன்னிச்சு?”

பதில் செல்வராணிக்குத் தெரிந்தது. அவள் முகம் மாறுவதை நான் பார்த்தேன்.

“அப்பாயி ஒருநாளும் உங்களப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லப்பா. நாங்க யாராச்சும் அந்தப் பேரச் சொன்னா வாயில அடிக்கும். அவன்தான் போயிட்டானே, அவன ஏன் கூப்பிடுறீங்கன்னு சொல்லும். மூணு பிள்ளைய குடுத்துட்டு நாலாவது நீங்க. அஞ்சாவதும் போனப்ப, அது பேருன்னு உங்க பேரச் சொல்லி எழுத வச்சிருச்சு. சோலைமலையத்தான் கொண்டு போயாச்சே, இனிமே எதுக்கு வரணும்? வரக்கூடாதுன்னுதான் செஞ்சிருக்கு. விசயம் தெரிஞ்ச தோட்டத்துல இருந்தா எவளாவது உளறுவான்னு, ஊரு விட்டு ஊரு வந்து, உங்ககிட்டயும் பொய்யே சொல்லியிருக்கு.”

பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஐயா, அப்பாயி வேணும்னேதான் செத்துட்டான்னு எழுத வச்சிச்சு. அது அப்படியே இருக்கட்டும். திருத்தாதீங்க.”

“இது சும்மா ஒரு குடும்பக் கோப்பும்மா” என்றேன். “உள்ளத உள்ளபடி எழுதுறதுதான் என் வேலை.”

“எம்பது வருசம் ஒண்ணும் அண்டாம இருந்திருக்காரு. நீங்க சத்தமா வாசிச்சு…”

“நீ சும்மா இரு தாயி” என்றார் பெரியவர். அவர் கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது. “எனக்கு வேணும். வாசிங்கய்யா. நல்லாச் சத்தமா வாசிங்க.”

எனக்கு நல்ல குரல். பெரட்டுக்களத்துக் குரல். எழுந்து நின்று வாசித்தேன். “சோலைமலை. தகப்பன் பெயர் கருப்பையா. தாய் பெயர் பேச்சி. உயிருடன் இருக்கிறார்.” காம்பிராக்களின் சுவரில் பட்டு அது திரும்பி வந்தது.

“ஆமாங்க” என்றார் அவர். எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தவர், ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பி, “இந்தா, வர்றேன்” என்றார்.

“யாருகிட்டப்பா சொல்றீங்க?” என்று செல்வராணி எழுந்துவிட்டாள்.

“யாரோ கூப்பிட்டாங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க.”

நான் எட்டிப் பார்த்தேன். ரோட்டில் ஒருவரும் இல்லை. காற்றில் புழுதி மட்டும் எழும்பிக்கொண்டிருந்தது.

நான் புறப்படும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அந்தப் பச்சப்பிள்ளைக்கும் ஒரு நம்பர் குடுங்க. குப்பைன்னு எழுதுங்க. அவனுக்குன்னு ஒரு பேரும் இல்ல. இந்தப் பேர நான் இரவல் போட்டுக்கிட்டிருந்தேன்னு வச்சுக்கங்க.” எழுதினேன். இருநூற்றுப் பதின்மூன்று. பஸ்ஸில் திரும்பி வரும்போது, என் வாழ்க்கையில் செய்த நல்ல வேலைகளில் இது ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தது இன்றைக்கும் உறுத்துகிறது.

ஒன்பதாம் நாள் அவர் இறந்துபோனார். நோய் நொடி ஒன்றுமில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அதே பெஞ்சில் உட்கார்ந்தவர் எழும்பவில்லை.

கருமாதி முடிந்து செல்வராணி பதுளைக்கு வந்தாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைக்கு மேலே என் அறை இருந்தது. படியேறி வந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த மரணப் பத்திரத்தின் பிரதியை மேசையில் வைத்தாள்.

“மூணு காயிதம் இருந்தாத்தான் பேனாவுல எழுதுவேன்னு சொன்னீங்களே. பொறப்பு ஒண்ணு, கொதிகஞ்சி கொட்டினது ஒண்ணு. இது மூணாவது. இப்ப எல்லாம் சரியா இருக்குதா பாருங்க.”

“என்ன மன்னிச்சிரும்மா” என்றேன்.

“நீங்க கொன்னீங்கன்னு நான் சொல்லல. அப்பாவுக்கு அதுதான் வேணும்னு இருந்திச்சு. சந்தோசமாத்தான் போனாரு.” ஜன்னல் வழியாகப் பஸ் நிலையத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “என் மகன் பேரயும் எழுதியிருக்கீங்களா?”

“எழுதியிருக்கேன். பென்சில்லதான்.”

“அவன் ரெண்டு வாரமா சரியில்ல ஐயா. சைக்கிள்ல போறப்ப ரோட்டோரத்துல யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுறாங்கன்னு சொல்றான். திரும்பிப் பாத்தா யாரும் இல்லையாம். எல்ல வளைவுல ஒரு தரம் விழுந்து எந்திரிச்சிட்டான். தாத்தாவத் தேடி வந்தது வழி தெரிஞ்சுகிட்டு நிக்குதோன்னு எனக்கு இருக்கு.” அவள் மோட்டார் சைக்கிளைத்தான் சொன்னாள். கைக்குட்டையை மடித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். “அவன் செத்துட்டான்னு எழுதிருங்க.”

முடியாது என்று சொன்னேன். விதிகளைச் சொன்னேன். உயிரோடிருக்கும் பிள்ளையை அப்படி எழுதுவது பாவம் என்றும் சொன்னேன். அவள் அழவில்லை, வாதாடவில்லை.

“அப்பாயி மருந்துக்காரர்கிட்ட போய்ச் சொன்னிச்சு. நான் உங்ககிட்ட வந்து சொல்றேன். என் மகன் சோலைமலை செத்துட்டான். எழுதிக்கங்க.”

நான் கோப்பை எடுத்தேன். எழுந்து நின்றேன். பென்சில் எழுத்தை அழித்துவிட்டுப் பேனாவில் எழுதினேன். அவளும் எழுந்து நின்றாள். மை காயும்வரை இருந்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று படியிறங்கினாள்.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு சாவுகளை வாசித்தேன். பெரியவரின் சாவு, அவர் பேரனின் சாவு.

“இரண்டாவதைப் பார்த்தீர்களா, கேட்டீர்களா?” என்று மேடம் கேட்டார்.

“கேட்டேன். தாய் சொன்னாள்.”

“காகிதம்?”

“மூன்றும் இருக்கிறது” என்றேன். பதினான்கு வருடத்தில் அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. கடலுக்கு அப்பால் நாற்காலி உராய்ந்தது. அந்த நேர்மையான பெண்மணி, உயிரோடிருக்கும் ஒருவனுக்காக எழுந்து நின்றார். நானும் நின்றேன்.

அந்தப் பையன் நன்றாக இருக்கிறான். கல்யாணம் ஆகிவிட்டது. ரோட்டில் யாரும் கூப்பிடுவதாக அவன் பிறகு சொல்லவில்லையாம். போன தைப்பூசத்துக்கு எல்ல பஸ்ஸில் என்னைக் கண்டு எழுந்து இடம் கொடுத்தான். “தாத்தா பேரெல்லாம் எழுதினீங்களாமே ஐயா, என் பேரயும் எழுதிட்டீங்களா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டான். எழுதிட்டேன் தம்பி என்றேன்.

தர்ஷினி, நான் ஏன் தமிழில் எழுதினேன் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். மேடத்துக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கும்போது, பெரியவர் கையெழுத்துப் போட்ட இடத்தோடு நிறுத்திவிடு. நான் இறந்தபிறகு வேண்டுமானால் மற்றதைச் சொல்.

உன் குழாயோடு நீ எல்ல ஊர்ப் பக்கமும் போவாய். அவனும் சந்தோஷமாகத் துப்பித் தருவான். ஒரு மாதம் கழித்து, செத்தவன் ஒருவன் உயிரோடிருக்கிறான் என்று அந்த இயந்திரம் உனக்கு எழுதும். உடனே திருத்தவேண்டும் என்று உனக்குக் கை பரபரக்கும், எனக்கும் அப்படித்தான் பரபரத்தது. திருத்தாதேம்மா. அவன் பெயரைச் சத்தமாக வாசித்துவிடாதே. அந்தத் தாளை மடித்து இழுப்பறையில் போட்டுவிட்டு, அடுத்த எண்ணுக்குப் போ.